21 நாளா, 14 நாளா, 30 நாளா? சம்மரி ஜட்ஜ்மென்ட் கெடு பற்றி

வாசகர் கேள்வி, மார்ச் 9, 2025

டாலஸ் ஃபெடரல் கோர்ட்டில் என் பழைய கம்பெனி மேல் வேலைப் பாகுபாட்டு வழக்கு நடக்கிறது. எனக்கிருந்த வக்கீல் பிப்ரவரி ஆரம்பத்தில் விலகிவிட்டார். இப்போது நானேதான் நடத்துகிறேன். டிஸ்கவரி (இரு தரப்பும் ஆதாரங்களைக் கேட்டுப் பெறும் கட்டம்) ஜனவரி 31-ல் முடிந்தது. அவர்கள் மார்ச் 3-ல் சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு (முழு விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்பது) போட்டிருக்கிறார்கள். டிஸ்கவரி முடிந்து 30 நாளுக்குள் போட வேண்டும் என்கிறது ஃபெடரல் சிவில் நடைமுறை விதிகளில் ரூல் 56. எண்ணிப் பார்த்தால் 31 நாள். கெடு தாண்டிய மனு, தள்ளுபடி செய்யுங்கள் என்று ஒரு பக்கக் கடிதம் போட்டால் போதும் இல்லையா? பதில் போட்டே ஆக வேண்டுமென்றால் எத்தனை நாள்? ஒரு தளம் 21 என்கிறது, இன்னொன்று 14 என்கிறது. ரூல் 56-ஐத் திறந்தால் பதிலுக்கு எந்த எண்ணையும் காணோம். மனு என் கைக்குத் தபாலில் வந்தது 7-ம் தேதி.

மார்ச் 9, இரவு

கடிதம் போடாதீர்கள். ஜனவரி 31 வெள்ளிக்கிழமை. நாள் எண்ணும் முறைக்கான ரூல் 6 சொல்கிறபடி அந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். நடுவில் வரும் சனி, ஞாயிறு, விடுமுறை எதையும் கழிக்கக் கூடாது. அப்படி எண்ணினால் 30-வது நாள் மார்ச் 2, ஞாயிறு. கடைசி நாள் சனியிலோ ஞாயிறிலோ அரசு விடுமுறையிலோ விழுந்தால் கெடு அடுத்த வேலைநாளுக்குப் போகும். ஆக மார்ச் 3, திங்கள். மிகச் சரியாகக் கடைசி நாளில் போட்டிருக்கிறார்கள். வக்கீல்கள் அப்படித்தான் போடுவார்கள்.

நான் வக்கீல் இல்லை. வழக்காடும் அலுவலகம் ஒன்றில் பாராலீகல். கெடு நாட்களைக் கணக்குப் போட்டுக் காலண்டரில் ஏற்றுவதும், கடைசி நேரத்தில் ஃபைல் செய்வதும்தான் என் பிழைப்பு. உங்கள் வழக்கில் இதைச் செய்யுங்கள் என்று சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை கிடையாது. விதி எங்கே எழுதியிருக்கிறது என்று காட்டலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீங்கள் எண்ணிய அந்த 30 நாள் உங்கள் வழக்குக்குப் பொருந்துமா என்பதே சந்தேகம். ரூல் 56-ன் பி பிரிவை முழுதாகப் படியுங்கள். லோக்கல் ரூல் (அந்தந்த மாவட்ட நீதிமன்றத்தின் சொந்த விதி) வேறு நாள் குறிக்காவிட்டால், நீதிபதி வேறு உத்தரவு போடாவிட்டால், அப்புறம்தான் 30 நாள். ரூல் 16-ன்படி நீதிபதி தொடக்கத்திலேயே ஒரு ஷெட்யூலிங் ஆர்டர் போட்டிருப்பார். டிஸ்கவரி எப்போது முடிய வேண்டும், மனுக்கள் எப்போதைக்குள் வர வேண்டும் என்று அதில் நாள் குறித்தே ஆக வேண்டும். உங்கள் வழக்கின் ஷெட்யூலிங் ஆர்டரைத் தேடி எடுங்கள். அதைப் பார்க்காமல் 30, 31 என்று பேசுவதில் பயனில்லை.

மார்ச் 10

பதில் கெடுவுக்கு வருகிறேன். இரண்டு தளங்களும் ஏதோ ஒரு இடத்துக்கு, ஏதோ ஒரு காலத்துக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கும்.

2009 டிசம்பர் 1-க்கு முன் ரூல் 56-ல் இருந்த கணக்கே வேறு. வழக்குப் போட்டவர் 20 நாள் காத்திருந்து மனு போடலாம். எதிர்த்தரப்பு எப்போது வேண்டுமானாலும் போடலாம். மனு மீதான விசாரணை நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்னால் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2009 திருத்தம் அதை எடுத்துவிட்டு, மனுவுக்கு டிஸ்கவரி முடிந்து 30 நாள், பதிலுக்கு 21 நாள், மறுபதிலுக்கு (அந்தப் பதிலுக்கு மனுதாரர் தரும் பதில்) 14 நாள் என்று மூன்று எண்களையும் நாடு முழுமைக்கும் ரூலிலேயே வைத்தது. சரியாக ஒரு வருஷம்தான். 2010 டிசம்பர் 1-ல் ரூல் 56-ஐ மொத்தமாகத் திருத்தி எழுதினார்கள். 30 மட்டும் தங்கியது. 21-ம் 14-ம் போய்விட்டன. அவற்றை லோக்கல் ரூல் பார்த்துக்கொள்ளும், நீதிபதி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் எழுதிய பக்கங்கள் இன்றைக்கும் இணையத்தில் உலவுகின்றன.

லோக்கல் ரூல் என்றால் மாநிலத்துக்கு ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. டெக்சாஸில் நான்கு ஃபெடரல் மாவட்டங்கள். டாலஸ் இருப்பது வடக்கு மாவட்டம், பதிலுக்கு 21 நாள். ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் மேற்கு மாவட்டம், அங்கே 14. ஹூஸ்டன் தெற்கு மாவட்டம். அங்கே மனு தாக்கலாகி 21 நாள் ஆனதும் நீதிபதியின் மேசைக்குப் போகும், பதில் அதற்குள் வந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் வடக்கு மாவட்டத்தில் மனு போட்ட நாளிலிருந்து 14 நாளில் பதில், அதிலிருந்து 7 நாளில் மறுபதில். நியூயார்க்கின் தெற்கு மாவட்டத்திலோ மனு போடுவதற்கு முன்பே நீதிபதிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்கச் சொல்லும் நீதிபதிகள் நிறைய.

உங்களுக்கு 21. நீதிபதி உங்கள் வழக்கில் வேறு சொல்லாதவரை.

மார்ச் 10, கொஞ்சம் கழித்து

தனிச்செய்தியில் அதே நபர்: "அப்போ 7-ம் தேதியிலிருந்து 21, மார்ச் 28 தானே?"

இல்லை. மார்ச் 24.

இதில் சிக்குகிறவர்கள் அதிகம் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். தபாலில் வந்தால் 3 நாள் கூட்டிக்கொள்ளலாம் என்று ரூல் 6-ன் டி பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் கெடுவைச் சர்வ் செய்த (எதிர்த்தரப்புக்கு முறைப்படி அனுப்பிய) நாளிலிருந்து எண்ணச் சொல்லும் விதிகளுக்குத்தான் அந்தச் சலுகை. வடக்கு டெக்சாஸ் லோக்கல் ரூல் 7.1, மனு தாக்கலான நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது. தாக்கல் ஆனது மார்ச் 3. தபால் எத்தனை நாள் எடுத்தது, நீங்கள் ஊரில் இருந்தீர்களா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. வக்கீலுக்கு அதே மனு தாக்கலான நிமிடத்தில் மின்னஞ்சலில் வந்து விழும். தபாலை நம்பியிருக்கும் உங்களுக்கு முதல் நாலு நாள் காற்றில் போயிற்று. 28 என்று நம்பியிருந்தால் கெடு தாண்டி மேலும் நாலு நாள்.

2016 டிசம்பர் வரை மின்னணு முறையில் சர்வ் செய்தாலும் அந்த 3 நாள் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் எடுத்துவிட்டார்கள். "எப்போதும் 3 நாள் கூட்டிக்கோ" என்று பழைய ஆட்கள் சொன்னால் அது அந்தக் காலத்துப் பழக்கம்.

மார்ச் 12

ஷெட்யூலிங் ஆர்டர் கிடைத்துவிட்டதாம். ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களுக்கான இணையதளமான பேசரில் எடுத்திருக்கிறார். (பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் பில்லே வராது. காசைப் பார்த்து டாக்கெட்டை, அதாவது வழக்கின் பதிவேட்டை, பார்க்காமல் இருக்காதீர்கள்.) அதில் மனுக்களுக்கான கடைசி நாள் பிப்ரவரி 14!

மனுஷருக்கு ஒரே சந்தோஷம். நான் சொன்னபடியே ஆர்டர்தான் ரூலை ஜெயிக்கும், ஆக மனு இரண்டு வாரத்துக்கு மேல் தாமதம், இப்போதாவது அந்தக் கடிதத்தைப் போடலாமா என்கிறார்.

பொறுங்கள். ஆர்டருக்குப் பின்னால் டாக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் கடைசி வரை படியுங்கள். "ஆர்டர் கிராண்டிங்" (அனுமதிக்கும் உத்தரவு) என்று தொடங்குகிற வரிகளை முக்கியமாக.

மார்ச் 13

நினைத்தது சரிதான். ஜனவரிக் கடைசியில் எதிர்த்தரப்பு மனுக் கெடுவை மார்ச் 3 வரை நீட்டிக்கக் கேட்டிருக்கிறது. மனுவின் தலைப்பிலேயே ஆட்சேபணை இல்லை என்று இருக்கிறது. ஆட்சேபணை இல்லை என்று சொன்னது இவருடைய அப்போதைய வக்கீல். நீதிபதி ஒரே வரியில் அனுமதித்துவிட்டார். வக்கீல் விலகியபோது கொடுத்த கோப்பில் அந்த ஒரு தாள் இல்லை.

வக்கீலைத் திட்டி வந்த பதில்களைப் பார்த்தேன். கோப்பில் தாள் விட்டுப்போனதற்குத் திட்டுங்கள். வாய்தாவுக்குச் சம்மதித்ததற்குத் திட்டாதீர்கள். இன்றைக்கு அவர்கள் கேட்டால் நாளைக்கு நாம் கேட்போம். கேட்டபோதெல்லாம் முரண்டு பிடிக்கிற ஆளை நீதிபதிக்கும் பிடிக்காது.

நண்பர் விட்டுவிட்டார். ஆனால் கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் (வக்கீல் போலத் தெரிகிறது) விடவில்லை. நீட்டிப்பு இல்லாமலே தாமதமாக வந்திருந்தால் தள்ளுபடி ஆகியிருக்குமா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் உண்டு. 2010-ல் மூன்றாவது சர்க்யூட் (வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) முன்பு வந்த டிரிப்பி வழக்கில், விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் தாமதமாக வந்த சம்மரி ஜட்ஜ்மென்ட் மனுவை மாவட்ட நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பும் கொடுத்துவிட்டது. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. கெடு முடிந்த பிறகு வருகிறவர் முறைப்படி மனு போட்டு, தாமதத்துக்கு மன்னிக்கத்தக்க காரணம் காட்ட வேண்டும், வாய்மொழியாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது என்றார்கள்.

மறுபக்கம், ரூல் 56-லேயே நீதிபதி தானாகவும் சம்மரி ஜட்ஜ்மென்ட் கொடுக்கலாம் என்று எஃப் பிரிவு இருக்கிறது. முன்கூட்டி நோட்டீஸும், பதில் சொல்ல நியாயமான அவகாசமும் கொடுத்தால் போதும். வழக்கில் சரக்கில்லை என்று நீதிபதிக்குத் தோன்றிவிட்டால், மனு மூன்று நாள் தாமதம் என்பதற்காக ஜூரியைக் கூட்டிவைத்து ஒரு வாரம் விசாரிக்க அவருக்கு மனம் வராது. நான் பார்த்தவரை தாமத ஆட்சேபணையை பதிலில் இரண்டு வரி எழுதிவிட்டு, மீதிப் பக்கங்களை விஷயத்துக்குச் செலவழித்தவர்கள்தான் பிழைத்தார்கள். ஆட்சேபணையை மட்டும் நம்பி உட்கார்ந்தவர்களின் நிலைமை பரிதாபம்.

மார்ச் 15

சனிக்கிழமை, கொஞ்சம் ஊர்க்கதை.

மின்னணு முறையில் போடுகிறவர்களுக்குக் கடைசி நாள் நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது. நீதிமன்றம் இருக்கும் இடத்து நள்ளிரவு, உங்கள் ஊர் நள்ளிரவு இல்லை. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து டாலஸில் ஃபைல் செய்தால் இரவு 10 மணிக்குக் கதை முடிந்தது. சில இடங்களில் நள்ளிரவும் இல்லை. டெலவேர் மாவட்ட நீதிமன்றத்தில் மாலை 5 மணி. மூன்றாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023 ஜூலையிலிருந்து 5 மணி என்று வைத்துவிட்டது. வக்கீல்கள் புலம்பினார்கள். என்னைப் போன்றவர்கள் உள்ளுக்குள் கைதட்டினோம்.

ஏனென்றால் இரவு 11 மணிக்கு மேல் நடப்பது இதுதான்: வக்கீல் பிரீஃபில், அதாவது எழுத்து வாதத்தில், இன்னும் ஒரு வாக்கியத்தை மாற்றிக்கொண்டிருப்பார். அந்த வாக்கியம் ஒரு பக்கத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளும், உள்ளடக்கப் பட்டியல் முழுக்க மாறும். அபெண்டிக்ஸ் (ஆதாரத் தொகுப்பு) ஸ்கேன் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று சிஸ்டம் திருப்பி அனுப்பும். அதை மூன்றாக உடைக்க வேண்டும். ஒரு டெபாசிஷனில் (பிரமாணத்தின் பேரில் பதிவான வாக்குமூலத்தில்) சாட்சியின் பிறந்த தேதி கறுப்பு அடிக்காமல் இருப்பது அப்போதுதான் கண்ணில் படும். 11:50-க்குக் கடைசி பொத்தானை அமுக்கிவிட்டு, தாக்கலானதற்கான மின்னஞ்சல் வருகிற வரைக்கும் யாரும் பேச மாட்டோம். அதில் இருக்கும் நேரமுத்திரைதான் ஆதாரம்.

தாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கு இந்த நள்ளிரவு கிடையாது. கிளார்க் அலுவலகம் வழக்கமாக மூடுகிற நேரம்தான் அவருடைய கெடு. அதே ரூல் 6, அதே நாள், ஆனால் வக்கீலுக்குச் சில மணி நேரம் கூடுதல். கேள்வி கேட்டவர் தாளில்தான் கொடுக்கிறார் என்பதால் சொல்கிறேன்: 24-ம் தேதி சாயந்திரம் டாலஸ் டவுன்டவுனில் பார்க்கிங் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

சாதாரணமாக அலுவலகத்துக்குள் போகவே முடியாதபடி ஆகிவிட்டால் கெடு தள்ளிப்போகும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் முழுக்க உறைந்து மின்சாரம் போனபோது எல்லோரும் அந்தப் பிரிவைத்தான் புரட்டினோம். எது "போக முடியாத நிலை" என்று ரூல் விளக்கவில்லை. என் வீட்டு வைஃபை வேலை செய்யவில்லை என்பது அதில் சேரும் என்று நம்பி எதையும் பணயம் வைக்காதீர்கள்.

மார்ச் 16

யாரோ கேட்டது: 21, 14, 7 என்று எல்லாம் ஏழின் மடங்காகவே இருக்கிறதே, தற்செயலா? இல்லை. 2009-ல் வேண்டுமென்றேதான் அப்படி மாற்றினார்கள். திங்களன்று தாக்கலானால் கெடுவும் திங்களன்றே விழும், சனி ஞாயிறில் மாட்டாது. அதற்கு முன் 11 நாளுக்குக் குறைந்த கெடுக்களில் சனி ஞாயிறைக் கழித்து எண்ண வேண்டியிருந்தது. 10 நாள் கெடு என்பது நிஜத்தில் இரண்டு வாரமாக இருக்கும். 30 மட்டும் ஏழுக்குள் அடங்காமல் தங்கிவிட்டது. இந்த இழையின் முதல் கேள்வியே அதனால் வந்ததுதான்.

பின்னோக்கி எண்ணும் கெடுக்களில் இன்னும் கவனம் வேண்டும். வடக்கு டெக்சாஸில் விசாரணைக்குக் குறித்த நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள் சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு போடக் கூடாது என்று லோக்கல் ரூல் 56.2 சொல்கிறது, நீதிபதி வேறு சொல்லாவிட்டால். இப்படிப் பின்னோக்கி எண்ணி சனி ஞாயிறில் விழுந்தால் திங்களுக்குத் தள்ளக் கூடாது. இன்னும் பின்னால் போய் வெள்ளியில் நிற்க வேண்டும்.

மார்ச் 17

பதிலில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு நான் ரொம்பப் போக மாட்டேன். கெடு சம்பந்தப்பட்டதை மட்டும்.

உங்கள் புகார் மனுவில் எழுதியிருப்பது தானாகச் சாட்சியம் ஆகிவிடாது. யாராவது பிரமாணமாகச் சொல்ல வேண்டும். இதற்கு நோட்டரி தேடி அலைந்து ஒரு வாரத்தை வீணாக்குகிறார்கள். தேவையே இல்லை. 28 யு.எஸ்.சி. 1746-வது பிரிவின்படி, இது உண்மை, பொய்யானால் பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற வாசகத்தை எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் பிரமாணப் பத்திரத்துக்குச் சமம்.

இவருக்கு முக்கியமான சாட்சி, கூட வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர். இப்போது சென்னையில் இருக்கிறார். அமெரிக்காவுக்கு வெளியே கையெழுத்துப் போடுகிறவருக்கு அதே பிரிவில் வாசகம் கொஞ்சம் வேறு. "அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டங்களின்படி" என்ற சொற்களும் அதில் இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டாம், அப்போஸ்டில் (வெளிநாட்டு ஆவணச் சான்று) வேண்டாம். ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் 24-ம் தேதி காலையில் கேட்காதீர்கள், அங்கே இரவாகியிருக்கும்.

உள்ளே என்ன எழுதுகிறார் என்பதும் முக்கியம். "மேலாளர் பாரபட்சமானவர் என்று எல்லோருக்கும் தெரியும்" என்று எழுதினால் ஒரு பைசாவுக்குப் பிரயோசனமில்லை. எந்த நாள், எந்த அறை, யார் இருந்தார்கள், என்ன சொன்னதைத் தன் காதால் கேட்டார் என்று எழுத வேண்டும். தனக்கு நேரில் தெரிந்ததை மட்டும்.

அப்புறம் அபெண்டிக்ஸ். வடக்கு டெக்சாஸில் எல்லா ஆதாரத்தையும் ஒன்றாகக் கட்டிப் பக்க எண் போட்டு, பிரீஃபில் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பக்க எண்ணைக் காட்ட வேண்டும். 200 பக்க மின்னஞ்சல்களைக் கொட்டிவிட்டு "இணைப்பைப் பார்க்க" என்று எழுதினால் யாரும் தேட மாட்டார்கள். மண்ணில் புதைந்த காளானைத் தோண்டும் பன்றிகள் அல்ல நீதிபதிகள் என்று ஏழாவது சர்க்யூட் 1991-ல் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது.

மார்ச் 18

2010-ல் 21 நாளை ரூலிலிருந்து எடுத்தது தப்பு என்றுதான் எப்போதும் வாதாடுவேன். அலுவலகங்களுக்குக் கெடுவைக் கணக்குப் போட மென்பொருள் இருக்கிறது, என்னைப் போல ஆள் இருக்கிறது. வக்கீல் இல்லாதவருக்கு இருப்பது ரூலின் வாசகம் மட்டும். அதில் ஒரு எண் இருந்தால் அவர் பிழைத்திருப்பார். இதை இங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தபோது இந்த இழையையே மறுபடி படித்தேன். அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரூலில் எண் தங்கிய ஒரே இடம் அந்த 30. இவரை முதலில் குழப்பியதும் அதுதான். நீதிபதி உத்தரவு போட்டால் மாறிவிடும் ஒரு எண்ணை ரூலில் வைத்தால், ஜனங்கள் எண்ணைப் படிப்பார்கள், அதற்கு முன்னால் இருக்கும் "உத்தரவு இல்லாவிட்டால்" என்பதைத் தாண்டிப் போய்விடுவார்கள். 21-ம் இருந்திருந்தால் ஆஸ்டினில் 14 நாளில் பதில் போட வேண்டியவர் 21 என்று நம்பிக் கெட்டிருப்பார்.

அப்படியானால் 30-ஐயும் எடுத்துவிட வேண்டுமா? உத்தரவே போடாத வழக்குகளும் உண்டு. சில வகை வழக்குகளுக்கு ஷெட்யூலிங் ஆர்டரிலிருந்து லோக்கல் ரூல் விலக்குக் கொடுக்கலாம். கைதிகள் தாங்களே போடும் வழக்குகள் அதில் அடிக்கடி வரும். அங்கே ஏதாவது ஒரு எண் வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை.

மார்ச் 20

சென்னை நண்பர் இன்னும் அனுப்பவில்லையாம். கெடு தப்பிவிடும் போலிருக்கிறது என்கிறார்.

இன்றைக்கே நீட்டிப்புக் கேட்கலாம். கெடு முடிவதற்கு முன் கேட்டால் ரூல் 6-ன் பி பிரிவில் நல்ல காரணம் இருந்தால் போதும். முடிந்த மறுநாள் கேட்டால் அதே காரணம் போதாது. ஏன் முன்பே கேட்கவில்லை என்பதற்கும் மன்னிக்கத்தக்க விளக்கம் வேண்டும். 1993-ல் பயனியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னது: எதிர்த்தரப்புக்குப் பாதகமா, எவ்வளவு தாமதம், காரணம் என்ன, அதைத் தவிர்க்க இவரால் முடிந்திருக்குமா, நல்லெண்ணத்தோடு நடந்தாரா. ஒரே நாள் வித்தியாசத்தில் எவ்வளவு கூடுதல் வேலை பாருங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதலில் ஃபோன் செய்து சம்மதமா என்று கேளுங்கள். நீட்டிப்பு மனுவில் கேட்டதாகச் சான்று எழுத வேண்டும். ஜனவரியில் நீங்கள் கேட்டபோது எங்கள் பக்கம் சம்மதித்ததே என்று நினைவூட்டலாம். அந்த வாய்தா வீணாகவில்லை பாருங்கள்.

எதிர்த்தரப்பிடம் இருந்து வர வேண்டிய ஆதாரம் வரவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு ரூல் 56-ன் டி பிரிவு. என்ன ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை, கிடைத்தால் எந்த விஷயத்தை நிரூபிக்கும் என்று பிரமாணமாக எழுதிக் கொடுக்க வேண்டும். டிஸ்கவரி முடியும் வரை சும்மா இருந்துவிட்டு இதைக் கேட்டால் எடுபடாது. மனு ரொம்ப சீக்கிரம் வந்துவிட்ட வழக்குகளில்தான் இதற்கு மதிப்பு. வழக்குத் தொடங்கிய மறுவாரமே சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு வரலாம், ரூல் தடுக்காது.

மார்ச் 22

பத்திரம் வந்துவிட்டதாம், வாசகமும் சரியாம். நீட்டிப்பு வேண்டாம் என்கிறார்.

மார்ச் 24

மதியம் கிளார்க் கவுன்டரில் முத்திரை வாங்கிவிட்டார். தன் பிரதியிலும் முத்திரை போடச் சொல்லி வாங்கியிருக்கிறார். நல்ல காரியம்.

மார்ச் 29

"பதிலே போடாமல் விட்டிருந்தால் தானாகத் தோற்றிருப்பாரா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

தானாக இல்லை. டெக்சாஸ் வரும் ஐந்தாவது சர்க்யூட்டில் 1985-லேயே ஹைபர்னியா வங்கி வழக்கில் சொல்லிவிட்டார்கள்: பதில் வரவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் சம்மரி ஜட்ஜ்மென்ட் கொடுக்க முடியாது, மனுதாரர் நிரூபிக்கும் தன் பாரத்தைச் சுமந்தாக வேண்டும். வாஷிங்டன் டிசி மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2016-ல் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் இதில் ஆறுதல் கொஞ்சம்தான். பதில் இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொன்ன விவரங்கள் மறுக்கப்படாதவை என்று நீதிபதி எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி சொன்ன கதை மட்டும் மேசை மேல் இருந்தால் முடிவு என்னவாகும் என்று சொல்லவா வேண்டும்.

நான்காவது சர்க்யூட்டில், 1975-ல் வந்த ரோஸ்பரோ வழக்கிலிருந்து, வக்கீல் இல்லாதவருக்கு நீதிமன்றமே நோட்டீஸ் அனுப்ப வேண்டும்: இப்படி ஒரு மனு வந்திருக்கிறது, பதிலும் பிரமாணப் பத்திரமும் கொடுக்காவிட்டால் வழக்குப் போய்விடும் என்று. நியூயார்க்கின் தெற்கு மாவட்டத்தில் அந்த நோட்டீஸை மனுதாரரே சேர்த்து அனுப்ப லோக்கல் ரூல் இருக்கிறது. ஐந்தாவது சர்க்யூட் அப்படித் தனி நோட்டீஸ் தேவையில்லை என்று 1992-ல் சொல்லிவிட்டது. டாலஸில் உங்களுக்கு யாரும் மணி அடித்து எழுப்ப மாட்டார்கள். 18-ம் தேதி எழுதிய குழப்பத்துக்கு இதுதான் மருந்து என்று இப்போது தோன்றுகிறது. ரூலில் எண் இருக்கிறதா இல்லையா என்பதை விட, மனுவின் முதல் பக்கத்திலேயே "உங்கள் பதிலுக்குக் கடைசி நாள் இது" என்று தேதி போட்டு அனுப்ப மனுதாரரைக் கட்டாயப்படுத்தினால் போதும். அவர்கள் காலண்டரில் அந்தத் தேதி ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஏப்ரல் 8

நேற்று மறுபதில் வந்துவிட்டதாம். 14-வது நாள், எதிர்பார்த்ததுதான். அதில் புதிதாக ஒரு பொய் இருக்கிறது, அதற்கும் நான் பதில் எழுத வேண்டும் என்கிறார்.

வடக்கு டெக்சாஸில் மறுபதிலோடு சரி. அதற்கு மேல் எது போடுவதானாலும் நீதிபதியின் அனுமதி வேண்டும். உண்மையிலேயே புது ஆதாரத்தை மறுபதிலில் நுழைத்திருந்தால் அனுமதி கேட்டுச் சின்னதாக ஒரு மனு போடலாம். வெறும் கோபம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 11

"நீதிபதி எப்போது முடிவு சொல்வார்?"

நமக்கெல்லாம் நாள் குறித்தவர்களுக்கு நாள் குறிக்க ரூலில் இடமில்லை. இருப்பது ஒன்றே ஒன்று. 1990-ல் வந்த சட்டப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்கும் மனுக்களை நீதிபதியின் பெயரோடு வருஷத்துக்கு இரண்டு முறை வெளியிட வேண்டும். மார்ச் 31, செப்டம்பர் 30 நிலவரப்படி. அபராதம் கிடையாது, ஆயுள் பதவி வேறு. பெயர் வெளியே வரும், அவ்வளவுதான். ஆனாலும் மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் தீர்ப்பு மின்னஞ்சல்கள் குவிகிற குவியலைப் பார்த்தால், பெயர் வெளியே வருவதற்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்கிறது.

காத்திருக்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். சம்மரி ஜட்ஜ்மென்ட் மனு நிலுவையில் இருப்பதால் மற்றக் கெடுக்கள் நிற்காது. உங்கள் ஷெட்யூலிங் ஆர்டரில் விசாரணை நாளும், அதற்கு முன் சாட்சிப் பட்டியல், ஆவணப் பட்டியல் கொடுக்க வேண்டிய நாளும் இருக்கும். இல்லாவிட்டால் ரூல் 26-ன்படி விசாரணைக்கு 30 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும், அவர்களுடைய பட்டியலுக்கு ஆட்சேபணை இருந்தால் 14 நாளில். அந்த நாட்களை இன்றைக்கே காலண்டரில் ஏற்றிவிட்டு, வாரம் ஒருமுறை டாக்கெட்டைத் திறந்து புது வரி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.